விலேன் டேக் டிரான்ஸ்லேஷன்: ‘குறியொட்டுப் பெயர்ப்பு’ எனலாமா?

அன்புள்ள ஐயா, குழு நண்பர்களுக்கு வணக்கம்.

ஒரே வலையமைப்பைப் பல தனி வலையமைப்புகள்போல் பிரித்தால் அவை ஒவ்வொன்றும் ஒரு விலேன்; தரவு எந்த விலேனுக்குரியது என்று காட்டும் அடையாளமே டேக். வழியில் அந்த டேக்கை வேறொன்றாக மாற்றும் விலேன் டேக் டிரான்ஸ்லேஷனைத் திசைவிகளில் (ரவுட்டர்களில்) அமைப்பதற்குக் ‘குறிச்சொல் மொழிமாற்றம்’ என்று நீங்கள் முன்மொழிந்திருந்தீர்கள். ‘மொழிமாற்றம்’ பொருந்தாது என்பதை விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. இங்கு மொழி ஏதுமில்லை. ‘குறிச்சொல்’ பற்றித்தான் சற்று விரிவாகப் பேச வேண்டியிருக்கிறது.

ஈதர்நெட் சட்டகத்தில் (வலையமைப்பில் தரவைச் சுமந்து செல்லும் துண்டில்) அனுப்பும் கருவியின் மேக் முகவரி, அதாவது வன்பொருள் முகவரி, முடிந்து, உள்ளிருக்கும் தரவின் வகையைச் சொல்லும் ஈதர்டைப் புலம் தொடங்குவதற்கு முன்பு, 802.1க்யூ தரப்பாட்டின்படி 4 பைட்டுகள் செருகப்படுகின்றன. அவற்றுள் முதல் 16 பிட்டுகள் பின்வருவது டேக் என்று அறிவிப்பவை. வழக்கமாக அவற்றில் 8100 என்னும் பதினறும எண் இருக்கும். அடுத்த 3 பிட்டுகள் முன்னுரிமையையும், அதற்கடுத்த ஒரு பிட் நெரிசல் வந்தால் இச்சட்டகத்தைக் கைவிடலாமா என்பதையும் சொல்ல, எஞ்சிய 12 பிட்டுகள் விலேன் எண்ணைத் தாங்குகின்றன. 0, 4095 ஆகிய இரண்டும் ஒதுக்கப்பட்டிருப்பதால் பயன்பாட்டுக்குக் கிடைப்பவை 4094 எண்கள். இந்த 4 பைட்டுகளில் சொல் எதுவும் இல்லை. சமூக ஊடகங்களிலோ ‘குறிச்சொல்’ வேறு பொருளில் ஊன்றிவிட்டது. ‘சிட்டை’ நல்ல சொல்தான், ஆனால் எம்பிஎல்எஸ் என்னும் மற்றொரு வலையமைப்பு முறையில், தரவு செல்லும் பாதையைக் காட்டும் லேபிளுக்கு அது தேவைப்படும். ஒரே திசைவியின் அமைவுக் கோப்பில் இரண்டும் அருகருகே வருவது அன்றாடம் நடப்பது. வெறும் ‘ஒட்டு’ என்றால் வெட்டு, ஒட்டு கட்டளைகள் நினைவுக்கு வரும்; பாதுகாப்பு பற்றிய கட்டுரையாக இருந்தால் ஒட்டுக்கேட்டலும் சேர்ந்துகொள்ளும். ஆகவே ‘குறியொட்டு’ என்கிறேன்.

அடுத்து, ‘விலேன் எண் மாற்றம்’ போதுமே என்று நண்பர் ஒருவர் கேட்டிருந்தார். சேவை வழங்குநர் ஒருவரிடம் வரும் இரண்டு வாடிக்கையாளர்களுமே தத்தம் அலுவலகத்தில் விலேன் 10-ஐப் பயன்படுத்துகிறார்கள் என்று கொள்வோம். வழங்குநர் தம் வலையமைப்புக்குள் ஒருவரது போக்குவரத்தை 110 என்றும் மற்றவரதை 210 என்றும் கொண்டுசெல்கிறார். சிஸ்கோ திசைவியில் உரிய துணை இடைமுகத்தின்கீழ் ‘ரீரைட் இன்கிரெஸ் டேக் டிரான்ஸ்லேட் 1-டு-1 டாட்1க்யூ 110 சிமெட்ரிக்’ என்று எழுதினால் உள்ளே வரும் 10 என்பது 110 ஆகும். இவ்வளவோடு நின்றால் நண்பர் சொல்வது சரியே. ஆனால் அதே கட்டளையில் 1-டு-2, 2-டு-1 என்ற வடிவங்களும் உண்டு. அங்கே ஒரு குறியொட்டு இருந்த இடத்தில் இரண்டும், இரண்டு இருந்த இடத்தில் ஒன்றும் வந்து நிற்கின்றன. டாட்1க்யூவுக்குப் (802.1க்யூவுக்கு) பதில் டாட்1ஏடி (802.1ஏடி என்னும் தரப்பாடு) என்று கொடுத்தால் முதல் 16 பிட்டுகளும் 88ஏ8 என்று மாறிவிடும். எண் மட்டும் மாறுவதாகச் சொல்லும் பெயர் இவற்றுக்குப் போதாது.

‘பதிலீடு’ என்பதையும் எண்ணிப் பார்த்தேன். அது ஒன்றை எடுத்துவிட்டு மற்றொன்றை வைப்பதோடு முடிகிறது. திரும்பிச் செல்லும் சட்டகத்தில் 110 மீண்டும் 10 ஆக வேண்டும் என்ற பிணைப்பு அதில் தெரிவதில்லை. ‘பெயர்ப்பு’ என்பதில் இரு பக்கமும் ஒன்றுக்கொன்று ஈடாக நிற்கின்றன. மேலும் ஐபி முகவரிகளை மாற்றித் தரும் நாட் என்பதை ‘முகவரிப் பெயர்ப்பு’ என்று சொல்லிக்கொண்டால் இரண்டும் ஒரே குடும்பமாகிவிடும். ஜூனிப்பர் கருவிகளில் இதே செயலுக்கு ‘ஸ்வாப்’ என்ற கட்டளை இருப்பதால் ‘இடமாற்று’ என்று தனிச்சொல் வேண்டும் எனச் சிலர் கருதக்கூடும். நிறுவனத்துக்கு ஒரு சொல் படைத்தால் படிப்பவர் பாடு திண்டாட்டம்தான்.

இதனோடு வரும் புஷ் (குறியொட்டைச் சேர்த்தல்), பாப் (குறியொட்டை நீக்குதல்) இரண்டுக்கும் ‘ஏற்றல்’, ‘இறக்கல்’ என்பவை எளிமையாக இருக்கும். ஒரு சிக்கல் மட்டும் எஞ்சுகிறது: திரையில் வரும் பொத்தானில் ஏவல் வினையாகப் ‘பெயர்’ என்று போட்டால் எவரும் அதை நேம் என்றே படிப்பார்கள். அங்கே ‘பெயர்ப்பு’ என்று பெயர்ச்சொல்லாகவே இடலாம். திரும்பும் வழியிலும் மாற்றத்தைச் செய்யச் சொல்லும், கட்டளையின் இறுதிச் சொல்லான ‘சிமெட்ரிக்’ என்பதைச் சமச்சீர் என்று ஆக்காமல் ‘இருவழி’ என்று வைக்கலாம் என்பது என் எண்ணம், மறுப்பிருந்தால் எழுதுங்கள்.