புதுப்பிப்பு: வெப்ப இயக்கவியல் தேர்வு, தன்னிச்சை வினை சந்தேகம்

என்தால்பி (வெப்ப உள்ளடக்கம்) மாற்றம், என்ட்ரோபி (ஒழுங்கின்மையின் அளவு) மாற்றம் இரண்டுமே நேர்க்குறியாக இருந்தால் வினை தன்னிச்சையாக, அதாவது தானாகவே, நடக்குமா என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி, இப்போது பிடிபட்டுவிட்டது. வெப்பநிலைதான் முடிவு செய்கிறது.

பனிக்கட்டி உருகுவதையே போட்டுப் பார்த்தேன். என்தால்பி மாற்றம் மோலுக்கு 6.01 கிலோஜூல்; என்ட்ரோபி மாற்றம் ஒரு மோலுக்கு, ஒரு கெல்வினுக்கு 22 ஜூல். 6010ஐ 22ஆல் வகுத்தால் ஏறக்குறைய 273 கெல்வின், அதாவது 0 டிகிரி செல்சியஸ்! கிப்ஸ் ஆற்றல் மாற்றம் (என்தால்பி மாற்றத்திலிருந்து, வெப்பநிலையால் பெருக்கிய என்ட்ரோபி மாற்றத்தைக் கழித்தால் வருவது) அதற்கு மேலே எதிர்க்குறி, அதாவது பனிக்கட்டி தானாக உருகும்; கீழே நேர்க்குறி, தானாக உருகாது. இவ்வளவு அழகாகப் பொருந்தும் என்று எதிர்பார்க்கவே இல்லை. ஒன்று கிலோஜூலிலும் மற்றது ஜூலிலும் இருப்பதால், வகுப்பதற்கு முன்பே அலகைச் சரிசெய்துவிடுங்கள்.

ஹெஸ் விதி (எந்த வழியில் நடந்தாலும் வினையின் மொத்த என்தால்பி மாற்றம் ஒன்றே என்பது) சுலபம்தான். அப்புறம், பிணைப்பு ஆற்றல் கணக்குகள் மட்டும் பாக்கி, வெள்ளிக்கிழமை தேர்வு.