விளையாட்டு நிரலாளர் பணியிலிருந்து பொது மென்பொருள் துறைக்கு மாறலாமா?

கேள்வி

வணக்கம். கணினி விளையாட்டு நிறுவனம் ஒன்றில் சி++ மொழியில் எஞ்சின் பகுதியை, அதாவது விளையாட்டை இயக்கும் அடிப்படை நிரலை, எழுதி வருகிறேன். வெளியீட்டுத் தேதி நெருங்கும்போதெல்லாம் வார விடுமுறை பறிபோவதும், வெளியீடு முடிந்த கையோடு ஆட்குறைப்பு வருமோ என்று அஞ்சுவதும் வழக்கமாகிவிட்டன. இப்போது வணிக மென்பொருள் நிறுவனம் ஒன்று நேர்காணலுக்கு அழைத்திருக்கிறது. தரவுத்தளத்திலும் இணையச் சேவைகளிலும் எனக்கு அதிகப் பழக்கமில்லை. இதுவரை கற்றது அங்கே கைகொடுக்குமா? ஒருமுறை வெளியேறிவிட்டால் திரும்பி வர வழியுண்டா?

மறுமொழி 1

நிச்சயமாகக் கைகொடுக்கும், இரு துறைகளிலும் பணியாற்றியவன் என்ற முறையில் சொல்கிறேன். நொடிக்கு 60 ஃபிரேம் (திரையில் அடுத்தடுத்து வரும் தனிப் படங்கள்) ஓடும் விளையாட்டில் ஒரு ஃபிரேமுக்குக் கிடைப்பது ஏறத்தாழ 16.67 மில்லிநொடிதான். அதற்குள் வீரரின் உள்ளீட்டைப் படித்து, மோதல்களைக் கணக்கிட்டு, எதிரிகளின் அடுத்த அசைவைத் தீர்மானித்து, படத்தையும் வரைந்து முடிக்க வேண்டும். தோட்டா ஒவ்வொன்றுக்கும் புதிதாக நினைவகம் கேட்காமல், தொடக்கத்திலேயே ஒரு தொகுதியை ஒதுக்கி வைத்து அதையே சுழற்சியில் பயன்படுத்தும் பழக்கம் உங்களுக்கு இருக்கும். அதே கண்ணோடு ஒரு சேவையக நிரலைப் பார்த்தால், ஒரே வினவலில் பெறக்கூடிய தகவலுக்காக லூப்புக்குள் மீண்டும் மீண்டும் தரவுத்தளத்தை அழைக்கும் இடம் உடனே தென்படும். ஊகத்தை நம்பாமல், நிரலின் எந்தப் பகுதி எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று காட்டும் புரொஃபைலரை ஓட்டி அளந்து பார்ப்பவர்களுக்கு எந்த அணியிலும் மதிப்பு உண்டு.

உண்மையான இடைவெளி வேறோர் இடத்தில் இருக்கிறது. விளையாட்டில் நினைவகத்தில் உள்ள பெரும்பாலான தரவு, நிரலை மூடியதும் மறைந்துவிடும். வணிக மென்பொருளிலோ நிரலை விடத் தரவுக்கே ஆயுள் அதிகம். பல ஆண்டுகளுக்கு முன் பதிவான ஒரு விலைப்பட்டியல் இன்றைய நிரலிலும் பிழையின்றித் திறக்க வேண்டும். இருவர் ஒரே நேரத்தில் அதைத் திருத்தினாலும் கணக்கு பிசகக் கூடாது. சேவையை நிறுத்தாமலே தரவுத்தள அட்டவணையின் அமைப்பை மாற்றவும் வேண்டியிருக்கும். ஆகவே எஸ்கியூஎல் (தரவுத்தள வினவல் மொழி), டிரான்சாக்ஷன் (பல மாற்றங்களை ஒன்றாக நிறைவேற்றும் அல்லது ஒன்றாகக் கைவிடும் முறை), இண்டெக்ஸ் (தேடலை விரைவாக்கும் பட்டியல்) ஆகிய மூன்றையும் முதலில் படியுங்கள். இணையச் சட்டகங்களை (இணையச் சேவை எழுத உதவும் ஆயத்த நிரல் தொகுப்புகள்) வேலையில் சேர்ந்த பிறகு கற்றுக்கொள்ளலாம்.

மறுமொழி 2

திரும்புவதைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். 1978-இல் அட்டாரி விளையாட்டு நிறுவனத்தில் சேர்ந்த நிரலாளர் கரோல் ஷா, பின்னர் வணிகக் கணினி நிறுவனமான டேண்டம் கம்ப்யூட்டர்ஸுக்குப் போனார். அங்கிருந்து விளையாட்டு நிறுவனமான ஆக்டிவிஷனுக்கு வந்து 1982-இல் வெளியான ‘ரிவர் ரெய்ட்’ விளையாட்டை எழுதினார். அதன்பின் டேண்டமுக்கே திரும்பினார். அந்த விளையாட்டு ஓடிய அட்டாரி 2600 கருவியில் இருந்த ரேம் வெறும் 128 பைட். அதனால் நீண்ட ஆற்றின் வரைபடத்தை எங்கும் சேமிக்காமல், ஒவ்வொரு முறையும் அதே ஆறு கிடைக்கும்படி கணக்கிட்டே உருவாக்கினார். நிரலாளர் மைக்கேல் ஆப்ராஷ் மைக்ரோசாஃப்டில் விண்டோஸ் என்டி இயங்குதளத்தின் வரைகலைப் பகுதியில் பணியாற்றிவிட்டு, விளையாட்டு நிறுவனமான ஐடி சாஃப்ட்வேரில் ‘குவேக்’ (1996) உருவாக்கத்தில் சேர்ந்தார். பிறகு மைக்ரோசாஃப்டுக்குத் திரும்பினார்.

இவர்கள் அபாரத் திறமைசாலிகள் என்பதால் இதை எல்லோருக்குமான உறுதிமொழியாக எடுத்துக்கொள்ளக் கூடாது. இடையில் கருவிகளும் மாறிவிடும்: வரைகலை அட்டையை நிரலிலிருந்து இயக்கும் இடைமுகங்களில் டைரக்ட்எக்ஸ் 12 வெளிவந்தது 2015-இல், வல்கன் 2016-இல். அவற்றுக்கு முன்பே விலகியவர்கள், முன்பு டிரைவர் (வரைகலை அட்டையை இயக்கும் மென்பொருள்) கவனித்துக்கொண்ட நினைவக மேலாண்மையையும் ஒத்திசைவையும் தாங்களே எழுதப் பழக வேண்டியிருந்தது. எஞ்சின் வேலைக்குத் திரும்பும் எண்ணமிருந்தால், ஓய்வு நேரத்தில் ஒரு சிறிய ரெண்டரரையாவது (காட்சியை வரையும் நிரல்) தொடர்ந்து எழுதி வாருங்கள்.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் நன்றி. நேர்காணலில் விளையாட்டு அனுபவத்தை எப்படி முன்வைப்பது?

மறுமொழி 1

வெளியிட்ட விளையாட்டுகளின் பெயர்களை அடுக்குவதோடு நிறுத்தாதீர்கள். நீங்கள் தீர்த்த கடினமான சிக்கல் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அறிகுறி என்ன, எதை அளந்தீர்கள், எந்த ஊகம் பொய்த்தது, திருத்தத்துக்குப் பின் ஃபிரேம் நேரம் எவ்வளவு குறைந்தது என்று வரிசையாகச் சொல்லுங்கள். விளையாட்டே ஆடாதவருக்கும் புரியும்படி ஒருமுறை சொல்லிப் பார்த்துவிட்டுப் போங்கள். வெளியீட்டுக் காலங்களில் அவர்களுடைய வேலை நேரம் எப்படி இருக்கும் என்பதையும் நீங்களே கேட்டுவிடுங்கள், ஏனெனில் வார விடுமுறை பறிபோகும் வழக்கம் வணிக மென்பொருள் அணிகளிலும் உண்டு.