கோய் மீன் டாட்டூ: உள்ளூர்க் கலைஞரை நம்பலாமா?

தோளிலிருந்து முழங்கை வரை ஜப்பானிய பாணியில் டாட்டூ போட்டுக்கொள்ள ஆசை. கோய் மீன் (ஜப்பானிய வண்ணக் கெண்டை), அலை, மேப்பிள் இலை, அவ்வளவுதான்.

பக்கத்திலேயே ஒரு கலைஞர் இருக்கிறார். கோடுகள் சுத்தம், கடையும் சுத்தம். ஆனால் அவர் காட்டியதெல்லாம் கையளவு படங்கள். இரேசுமியில், அதாவது இந்த ஜப்பானிய பாணி டாட்டூவில், மீனைவிடப் பின்னணிதான் முக்கியம் என்று எனக்குத் தோன்றுகிறது. அலையும் கருநிற மேகமும் தோள் வளைவோடு சேர்ந்து ஓட வேண்டும். இல்லையென்றால் ஸ்டிக்கர் ஒட்டியது போல இருக்கும். சின்னப் படம் போடுகிறவருக்கு இது கைவருமா? அவரிடம் என்னென்ன கேட்கலாம்? புதிதாகப் போட்ட படங்களை விட, ஆறி இரண்டு மூன்று வருடமானவற்றைக் காட்டச் சொல்லலாம் என்று இருக்கிறேன்.

தெபோரி, அதாவது கையாலேயே குத்தும் முறையில் யாராவது போட்டிருக்கிறீர்களா? மெஷினைவிட வலி குறைவு என்கிறார்கள், நம்ப முடியவில்லை.

அப்புறம் இன்னொன்று. ஜப்பானில் 1872 முதல் 1948 வரை பச்சை குத்துவதே தடை. இன்றும் பல வெந்நீர் ஊற்றுக் குளியலகங்களில் டாட்டூ இருந்தால் அனுமதி இல்லை. என்றாவது ஜப்பானுக்குப் போக நினைப்பதால், குளியலகத்தில் மறைக்க முடியாவிட்டாலும் வெளியிலாவது தெரியாமல் இருக்க, முழங்கைக்கு மேலேயே நிறுத்தி, அரைக்கைச் சட்டைக்குள் மறையும்படி போடலாமா என்றும் யோசனை. அப்படிச் சுருக்கினால் அழகு போய்விடுமா? போட்டவர்கள் சொல்லுங்கள்.