புதுப்பிப்பு: சிம்மக்கல் டிடிபி கடைக் கணினி, ஸ்டார்ட்அப் பிரச்சினை

விண்டோஸ் 10 கணினி ஆன் ஆனதும் இழுக்கிறது என்று கேட்டிருந்தேன். நீங்கள் சொன்னபடி டாஸ்க் மேனேஜரின் ஸ்டார்ட்அப் பகுதியில் 'ஹை' (தொடக்கத்தை அதிகம் இழுப்பவை) எனக் காட்டியவற்றை டிஸேபிள் செய்தாயிற்று. தொடங்கும்போது சிபியு நேரம் 1 விநாடியையோ டிஸ்க் பயன்பாடு 3 எம்பியையோ தாண்டினால்தான் 'ஹை'.

ஆனாலும் பிரிண்டர் அப்டேட்டர் மட்டும் தினமும் வந்து நின்றது. அது அந்தப் பட்டியலிலேயே இல்லை. வேலைகளைத் தானாகத் தொடங்கிவைக்கும் டாஸ்க் ஷெட்யூலரில், 'அட் லாக் ஆன்' (லாக் இன் செய்ததும் ஓடு) ட்ரிக்கரோடு உட்கார்ந்திருந்தது. ரைட் கிளிக் செய்து டிஸேபிள் கொடுங்கள். டெலீட் வேண்டாம், அடுத்த அப்டேட்டில் பெரும்பாலும் திரும்ப முளைக்கும்.

தமிழ்த் தட்டச்சு மென்பொருளை மட்டும் நிறுத்திவிடாதீர்கள்! கல்யாணப் பத்திரிகை அடிக்க உட்கார்ந்தால் 'அ' வர வேண்டிய இடத்தில் ஆங்கில எழுத்துதான் விழும். ஆன்டிவைரஸையும் தொடக் கூடாது.