ஏழு ரூபாய்ப் பங்கு

குழு: அமராவதி குடும்பம்
25 நவம்பர் 2020, புதன்கிழமை

[மாலை 5:48] சரோஜா அத்தை: நித்யா, சென்னையில் மழை எப்படி? செம்பரம்பாக்கம் ஏரியைத் திறந்துவிட்டார்கள் என்று டிவியில் ஓடுகிறது.

[மாலை 5:53] நித்யா அக்கா: மதியமே திறந்துவிட்டார்கள் அத்தை. எங்கள் தெருவில் இப்போதைக்குக் கணுக்கால் அளவுதான். புயல் ராத்திரிதான் கரை கடக்குமாம். போனுக்கு முழு சார்ஜ் ஏற்றி வைத்திருக்கிறேன்.

[மாலை 5:54] சரோஜா அத்தை: வண்டியை மேட்டில் நிறுத்து கண்ணு. 2015 வெள்ளம் மாதிரி ஆகிவிடக் கூடாது.

[மாலை 6:10] தினேஷ்: ஒரு செய்தி. லட்சுமி விலாஸ் வங்கியை டிபிஎஸ் வங்கியோடு இணைக்க மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்துவிட்டது. சிங்கப்பூரில் இருந்து 2,500 கோடி ரூபாய் வருகிறது. பங்கு ஏழு ரூபாய் சொச்சத்தில் கிடக்கிறது, போன வாரம் பதினைந்துக்கு மேல் இருந்தது. நாளைக் காலைக்கு 5,000 பங்குக்கு ஆர்டர் போட்டு வைத்திருக்கிறேன். அப்பா, உங்களுக்கும் வாங்கட்டுமா?

[மாலை 6:14] அப்பா: எனக்கு இதெல்லாம் புரியாது. பெரியப்பாவைக் கேள்.

[மாலை 6:15] முருகேசன் மாமா: நம் கரூர் வங்கி ஆச்சே. பணம் போட்டவர்களுக்கு என்ன வழி?

[மாலை 6:19] நித்யா அக்கா: அவர்களுக்குப் பயமில்லை மாமா. 25,000 ரூபாய்க்கு மேல் எடுக்கக் கூடாது என்று 17-ஆம் தேதி போட்ட வரம்பு 27-ஆம் தேதியோடு நீங்குகிறது. டெபாசிட் முழுதும் டிபிஎஸ் கணக்கில் அப்படியே இருக்கும். ஆனால் தினேஷ், நீ இணைப்புத் திட்டத்தை முழுக்கப் படித்தாயா?

[மாலை 6:20] தினேஷ்: செய்தியைப் படித்தேன் அக்கா.

[மாலை 6:41] பெரியப்பா: தினேஷ், அந்த ஆர்டரை முதலில் ரத்து செய். பிறகு பேசுவோம். ரிசர்வ் வங்கி போன வாரம் வெளியிட்ட திட்ட வரைவிலேயே ஒரு வரி இருக்கிறது. லட்சுமி விலாஸ் வங்கியின் பங்கு மூலதனம் முழுதும் நீக்கப்படும். குறையும் என்று இல்லை, நீக்கப்படும் என்று இருக்கிறது. இணைந்த அன்றைக்கு உன் 5,000 பங்குக்கு ஒரு ரூபாய்கூட வராது.

[மாலை 6:44] தினேஷ்: அப்படியானால் இன்னும் ஏழு ரூபாய்க்கு ஏன் வியாபாரம் நடக்கிறது பெரியப்பா? வாங்குகிறவர்கள் எல்லோரும் படிக்காதவர்களா? யெஸ் வங்கியும் இப்படித்தான் மார்ச் முதல் வாரத்தில் ஐந்தாறு ரூபாய்க்குப் போனது. இரண்டு வாரத்துக்குள் அறுபதைத் தொட்டது. அப்போதும் எல்லோரும் வேண்டாம் என்றுதான் சொன்னார்கள்.

[மாலை 6:45] தினேஷ்: பயப்படுகிற நேரத்தில்தான் வாங்க வேண்டும்.

[இரவு 7:02] பெரியப்பா: நல்ல கேள்வி. அதனால் நீளமாகவே எழுதுகிறேன், பொறுமையாகப் படி.

யெஸ் வங்கியை வேறு வங்கியோடு சேர்க்கவில்லை. அதே பெயரில், அதே பங்கோடு, ஸ்டேட் வங்கியும் மற்ற வங்கிகளும் பங்கு 10 ரூபாய் என்று பணம் போட்டார்கள். பழைய பங்குக்கு உயிர் இருந்தது. இங்கே அப்படி இல்லை. டிபிஎஸ் இந்தியா என்பது சிங்கப்பூர் வங்கிக்கு முழுக்கச் சொந்தமான நிறுவனம். நம் சந்தையில் அதற்குப் பங்கே கிடையாது. பழைய பங்குக்குப் பதிலாக உனக்குக் கொடுக்க அவர்களிடம் ஒன்றும் இல்லை, கொடுப்பதாகவும் சொல்லவில்லை.

யெஸ் வங்கியிலும் நடந்ததை முழுதாகப் பார். 100 பங்குக்கு மேல் வைத்திருந்தவர்களுக்கு 75 சதவீதத்தை மூன்று வருடத்துக்குப் பூட்டிவிட்டார்கள். அறுபது ரூபாய் போனபோது பழைய ஆட்கள் தம் பங்கில் பெரும்பகுதியை விற்கவே முடியாது. விற்க ஆள் இல்லாத சந்தையில் ஏறிய விலை அது. ஜூலையில் அதே வங்கி 12 ரூபாய்க்குப் புதுப் பங்கு வெளியிட்டது. அறுபதில் வாங்கியவன் இன்றைக்கும் உட்கார்ந்திருக்கிறான்.

விலை ஏழு என்று திரையில் தெரிவதால் பொருள் ஏழு ரூபாய் பெறும் என்று அர்த்தமில்லை கண்ணு.

[இரவு 7:05] நித்யா அக்கா: 2004-இல் குளோபல் டிரஸ்ட் வங்கியும் இதே கதைதான். ஓரியண்டல் வங்கியோடு இணைத்தார்கள். டெபாசிட் பிழைத்தது, பங்குதாரர்களுக்கு ஒன்றுமில்லை.

[இரவு 7:09] தினேஷ்: இந்த வங்கி விஷயம் புரிகிறது. ஆனால் ஒரே நாளில் ஒரு வங்கி எப்படிப் பூஜ்யம் ஆகும்? 1926-இல் ஆரம்பித்தது. ஐந்நூறுக்கு மேல் கிளைகள். கட்டடம், நகைக்கடன், வாடிக்கையாளர் எல்லாம் இருக்கிறதே.

[இரவு 7:31] பெரியப்பா: ஒரே நாளில் ஆகவில்லை. நான் 33 வருடம் ஏற்றுமதிக் கம்பெனியில் கணக்கு எழுதியவன். பேக்கிங் கிரெடிட் என்கிற ஏற்றுமதிக் கடனுக்கு வங்கி வாசலில் நின்றவன். இந்த வங்கி கரூரில் ராமலிங்கம் செட்டியாரும் இன்னும் ஆறு பேரும் சேர்ந்து ஆரம்பித்தது. கடை வைத்திருப்பவன், தறி போட்டவன், விவசாயி, இவர்களுக்குக் கடன். ஆளைத் தெரியும், அவன் அப்பாவையும் தெரியும். அது வரைக்கும் வங்கி ஓடியது. கடந்த பத்து வருடத்தில் பெரிய கம்பெனிகளுக்குப் பெரிய கடன் கொடுக்கப் போனார்கள். அங்கேதான் அடி.

இப்போது கணக்கைக் கேள். வங்கி கொடுக்கும் 100 ரூபாய்க் கடனில் பங்குதாரர் பணம் பத்து ரூபாய் இருந்தால் அதிகம். மிச்சம் எல்லாம் ஊரார் டெபாசிட். நூறில் பத்து ரூபாய் திரும்பி வராவிட்டாலே பங்குதாரர் பணம் போய்விட்டது. இந்த வங்கியில் நூறுக்கு இருபத்தைந்து வாராக்கடன். மூலதன விகிதம், அதாவது கொடுத்த கடனுக்கு எதிரே வங்கியின் சொந்தப் பணம், குறைந்தது 9 சதவீதமாவது இருக்க வேண்டும். ஜூன் கடைசியில் 0.17. செப்டம்பரில் பூஜ்யத்துக்கும் கீழே. அப்போதே பங்கில் ஒன்றும் இல்லை, சந்தை ஒப்புக்கொள்ளத்தான் இரண்டு மாதம் ஆனது.

கட்டடமும் நகைக்கடனும் இருக்கிறது என்கிறாய். இருக்கிறது. ஆனால் அவை டெபாசிட் போட்டவர்களுக்குச் சேர வேண்டியவை. வரிசையில் பங்குதாரன் கடைசி ஆள்.

[இரவு 7:33] நித்யா அக்கா: 2019 செப்டம்பரிலேயே ரிசர்வ் வங்கி இவர்களைக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் போட்டது. அதற்கு அடுத்த மாதம் இந்தியாபுல்ஸ் என்கிற வீட்டுக்கடன் கம்பெனியோடு இணைவதை நிராகரித்தது. இந்த செப்டம்பரில் பங்குதாரர்களே ஓட்டுப் போட்டு ஏழு இயக்குநர்களை வெளியே அனுப்பினார்கள். ஒவ்வொன்றும் செய்தியாக வந்ததுதான்.

[இரவு 7:36] சரோஜா அத்தை: எங்கள் அப்பா, உங்கள் தாத்தா, இருந்திருந்தால் மனசு விட்டுப் போயிருப்பார். அவர் காலத்தில் பெண்ணுக்குச் சீர் கொடுக்கும்போது வங்கிப் பங்கும் எழுதிக் கொடுக்கிற வீடுகள் நம் ஊரில் இருந்தன. நகை மாதிரி நினைத்தார்கள்.

[இரவு 7:38] பெரியப்பா: ஆமாம் சரோஜா. அந்த வீடுகளை நினைத்துத்தான் எனக்கு இந்த ஒரு வாரமாகத் தூக்கம் சரியில்லை. யாரும் சூதாடவில்லை. ஊர் வங்கி என்று நம்பி இரண்டு தலைமுறை வைத்திருந்தார்கள்.

[இரவு 7:44] தினேஷ்: சரி பெரியப்பா, இதை விடுகிறேன். ஆனால் பெரிய தனியார் வங்கிப் பங்குகள் வேறு. மும்பைப் பங்குச் சந்தைக் குறியீடு சென்செக்ஸ் மார்ச் 23-இல் 26,000-க்குக் கீழே முடிந்தது. நேற்று 44,500. அப்போது வாங்கியவன் எங்கே இருக்கிறான் என்று பாருங்கள். அப்பாவின் 12 லட்சம் எஃப்டி-யில், அதாவது வங்கி நிரந்தர வைப்பில், தூங்குகிறது. ஸ்டேட் வங்கியில் ஒரு வருடத்துக்கு 4.9 சதவீதம்தான். அக்டோபர் விலைவாசி 7.6 சதவீதம் ஏறியிருக்கிறது. அப்பா ஒவ்வொரு வருடமும் இழக்கிறார். அதில் பாதியை வங்கிப் பங்கில் போடச் சொல்கிறேன்.

[இரவு 7:46] அப்பா: இழக்கிறேன் என்று இவன் சொல்லித்தான் தெரிகிறது. மாதம் வட்டி வருகிறது, மருந்துக்கு ஆகிறது.

[இரவு 8:10] பெரியப்பா: தினேஷ் சொல்வதில் பாதி உண்மை. எஃப்டி-யில் பணம் தேய்கிறது, அதை நான் மறுக்கவில்லை. மறு பாதியைச் சொல்கிறேன்.

ஏப்ரல் முதல் ஜூன் வரை நாட்டின் உற்பத்தி 23.9 சதவீதம் சுருங்கியது. இங்கே பஸ் பாடி கட்டும் பட்டறைகளுக்குப் போய்ப் பார். பஸ்ஸே ஓடவில்லை, யார் புது பஸ் கட்டுவார்கள்? தெரிந்த பையன்கள் பலர் சொந்த ஊருக்குப் போனவர்கள், இன்னும் கூப்பிடவில்லை. இந்த நிலையில் சந்தை உச்சத்தில் நிற்கிறது. வட்டி குறைந்து கிடப்பதாலும், வெளிநாட்டுப் பணம் வந்து கொட்டுவதாலும் ஏறுகிறது. வந்த பணம் போகவும் செய்யும். இன்றைக்கே 700 புள்ளி இறங்கியது.

வங்கிகளைப் பற்றி எனக்கு இன்னொரு சந்தேகம். மார்ச்சில் இருந்து ஆகஸ்ட் வரை கடன் தவணை கட்ட வேண்டாம் என்று சலுகை கொடுத்தார்கள். செப்டம்பர் 3-ஆம் தேதி உச்ச நீதிமன்றம், ஆகஸ்ட் கடைசி வரை சரியாக இருந்த கணக்குகளை மறு உத்தரவு வரை வாராக்கடன் என்று சொல்லக் கூடாது என்று இடைக்கால உத்தரவு போட்டது. கடன்காரனுக்கு அது நியாயம்தான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் பங்கு வாங்குகிறவன் என்ன பார்த்து வாங்குவான்? செப்டம்பர் காலாண்டு அறிக்கையில் வாராக்கடன் குறைந்திருக்கிறது என்று போட்டிருக்கிறார்கள். எண்ணாமல் விட்டதால் குறைந்தது. பானையின் மூடியைத் திறக்கவில்லை, சோறு வெந்துவிட்டது என்கிறார்கள்.

மூடி திறந்த பிறகு நல்ல வங்கி எது என்று தெரியும். அப்போது இன்னும் விலை ஏறியிருந்தாலும் சரி, தெரிந்து வாங்கு.

[இரவு 8:13] தினேஷ்: அது வரைக்கும் காத்திருந்தால் ஏற்றம் முடிந்துவிடும்.

[இரவு 8:14] பெரியப்பா: முடியட்டும். உன் வயதுக்கு இன்னும் எத்தனையோ ஏற்றம் வரும். அப்பாவின் வயதுக்கு இறக்கம் ஒன்று போதும்.

[இரவு 8:20] முருகேசன் மாமா: மச்சான், பங்குதான் வேண்டாம் என்றால் வங்கியும் நம்பும்படி இல்லை. போன வருடம் எஃப்டி புதுப்பிக்கப் போனேன். கிளையில் ஒரு பெண் நன்றாக உட்கார வைத்துப் பேசி, இதுவும் எஃப்டி மாதிரிதான் சார், கூட வரும் என்றாள். எந்த வங்கி என்று இங்கே போட வேண்டாம். இரண்டு லட்சம் கொடுத்தேன். இந்த வருடம் மறுபடி இரண்டு லட்சம் கட்டச் சொல்லிக் கடிதம் வந்தது. அப்போதுதான் தெரிந்தது, அது இன்சூரன்ஸ். ஐந்து வருடம் கட்ட வேண்டுமாம், நடுவில் எடுக்கவும் முடியாதாம்.

[இரவு 8:21] சரோஜா அத்தை: என்னிடம்கூட இதை இவர் சொல்லவில்லை.

[இரவு 8:22] முருகேசன் மாமா: சொல்ல மனசு வரவில்லை.

[இரவு 8:24] நித்யா அக்கா: மாமா, இதில் உங்கள் தப்பு எதுவும் இல்லை. கடிதங்களையும் கையெழுத்துப் போட்ட தாளையும் போட்டோ எடுத்து எனக்குத் தனியாக அனுப்புங்கள். வங்கி மேலாளருக்கும் இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் எழுத்தில் புகார் கொடுப்போம். அவர்கள் சரி செய்யாவிட்டால் குறைதீர்ப்பாளர் இருக்கிறார். நான் எழுதித் தருகிறேன்.

[இரவு 8:37] பெரியப்பா: மாப்பிள்ளை, நித்யா சொல்வதைச் செய்யுங்கள். கிளைக்கு நானும் கூட வருகிறேன்.

எல்லோருக்கும் ஒன்று. வங்கியில் எதில் கையெழுத்துப் போட்டாலும், இது டெபாசிட்தானா, டெபாசிட் ரசீது தருவீர்களா என்று கேளுங்கள். மார்ச்சில் யெஸ் வங்கியின் ஒரு வகைப் பத்திரத்தை, 8,400 கோடிக்கு மேல், ஒரே உத்தரவில் பூஜ்யம் ஆக்கினார்கள். வட்டி அதிகம் என்று வாங்கியவர்கள் அதில் உண்டு. டெபாசிட்டுக்கு இருக்கிற காப்பீடு அந்தப் பத்திரத்துக்குக் கிடையாது.

[இரவு 8:39] சரோஜா அத்தை: அண்ணா, அந்தக் காப்பீடு எவ்வளவு? என்னுடையது எல்லாம் ஒரே கிளையில்தான் இருக்கிறது. 11 லட்சம்.

[இரவு 8:46] பெரியப்பா: ஒரு ஆளுக்கு ஒரு வங்கியில் 5 லட்சம், அசலும் வட்டியும் சேர்த்து. இந்த பிப்ரவரி வரைக்கும் ஒரு லட்சம்தான் இருந்தது. 1960-இல் கேரளாவில் பாலாய் சென்ட்ரல் வங்கி விழுந்த பிறகுதான் இந்தக் காப்பீடே வந்தது. அப்போது 1,500 ரூபாய்.

ஒரே வங்கியின் இரண்டு கிளையில் போட்டாலும் ஒன்றாகத்தான் கணக்கு. வேறு வேறு வங்கியாக இருக்க வேண்டும். நம் ஊரில் பெரிய வங்கி விழுந்தால் அரசு வேறு வங்கியோடு சேர்த்துவிடுகிறது, டெபாசிட் பிழைக்கிறது. கூட்டுறவு வங்கிக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. மும்பையில் பிஎம்சி வங்கியில் போட்டவர்கள் போன வருடம் செப்டம்பரில் இருந்து இன்னும் அலைகிறார்கள். முதலில் 1,000 ரூபாய்தான் எடுக்கலாம் என்றார்கள். கல்யாணத்துக்கு வைத்த பணம், ஆஸ்பத்திரிக்கு வைத்த பணம்.

[இரவு 8:48] நித்யா அக்கா: அத்தை, உங்களுக்கு 60 முடிந்துவிட்டது. தபால் நிலையத்தில் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டம் இப்போது 7.4 சதவீதம் தருகிறது. 15 லட்சம் வரை போடலாம், மூன்று மாதத்துக்கு ஒரு தடவை வட்டி வரும். சித்தப்பாவுக்கும் அதுதான் சரி. எஃப்டி முதிர முதிர மாற்றுங்கள், நடுவில் உடைக்க வேண்டாம்.

[இரவு 8:50] அப்பா: 7.4-ஆ? இதை ஏன் யாரும் முன்னாலேயே சொல்லவில்லை?

[இரவு 8:52] நித்யா அக்கா: வங்கிக்காரர் அவராக எடுத்துச் சொல்ல மாட்டார் சித்தப்பா. இங்கே விளக்கு மினுமினுக்கிறது. கரண்ட் போனால் பதில் போட மாட்டேன், பயப்படாதீர்கள்.

[இரவு 9:05] தினேஷ்: ஆர்டரை ரத்து செய்துவிட்டேன். திட்டத்தின் வரைவையும் இப்போதுதான் படித்தேன். பெரியப்பா சொன்ன வரி அப்படியே இருக்கிறது. எங்கள் ஆபீஸ் குழுவில் மூன்று பேர் வாங்கி வைத்திருக்கிறார்கள், அவர்களுக்கு அனுப்பப் போகிறேன்.

[இரவு 9:06] தினேஷ்: ஆனால் மாதம் 5,000 இண்டெக்ஸ் ஃபண்டில், அதாவது சந்தைக் குறியீட்டில் உள்ள எல்லாப் பங்கையும் வாங்கும் ஃபண்டில், போடுவதை நிறுத்த மாட்டேன்.

[இரவு 9:11] பெரியப்பா: அதை நிறுத்தச் சொல்லவே இல்லை. பத்து வருடம் தொடாமல் இருக்க முடிகிற பணம் என்றால் போடு. வேலை போனால் ஆறு மாதம் சாப்பிடப் பணம் தனியாக இருக்கிறதா? பெங்களூரு வாடகையையும் சேர்த்துச் சொல்.

[இரவு 9:14] தினேஷ்: இரண்டு மாதத்துக்கு இருக்கிறது.

[இரவு 9:15] பெரியப்பா: அப்போது அந்த 5,000 பங்குக்கு வைத்த 35,000-ஐ அந்த ஆறு மாதப் பணத்தில் சேர்.

[இரவு 9:16] தினேஷ்: சரி பெரியப்பா.

[இரவு 9:22] சரோஜா அத்தை: அண்ணா, நாளைக்குப் பாஸ்புக், ரசீது எல்லாம் எடுத்துக்கொண்டு நாங்கள் இரண்டு பேரும் வீட்டுக்கு வருகிறோம். நீங்களே பார்த்துச் சொல்லுங்கள். இவருடைய அந்தத் தாளையும் கொண்டு வருகிறேன்.

[இரவு 9:23] பெரியப்பா: பத்து மணிக்கு வாருங்கள். ஆதார் அட்டையும் எடுத்து வாருங்கள், தபால் நிலையத்தில் கேட்பார்கள்.

[இரவு 9:40] சரோஜா அத்தை: நித்யா, கரண்ட் இருக்கிறதா கண்ணு?

[இரவு 10:26] சரோஜா அத்தை: நித்யா?

[இரவு 10:51] நித்யா அக்கா: இருக்கிறேன் அத்தை. கரண்ட் இல்லை, காற்று பலமாக இருக்கிறது. தண்ணீர் வாசல் படிக்குக் கீழேதான் நிற்கிறது. வண்டியை மேட்டில் ஏற்றிவிட்டேன்.