ஷார்ட் ஸ்கேல் கிட்டார்: தமிழில் என்ன?

வணக்கம். இசைக்கருவிக் கடை ஒன்றின் விற்பனைப் பட்டியலைத் தமிழாக்குகிறேன், நாளைக் காலை தர வேண்டும். பொருள், ஃபெண்டர் நிறுவனம் 1964இல் கொண்டுவந்த மஸ்டாங் கிட்டாரின் சாயலில் இப்போது செய்த மின்கிட்டார். கம்பியைத் தாங்கும் இரு முனைகள், கழுத்து நுனியில் உள்ள நட்டிலிருந்து உடலில் உள்ள பிரிட்ஜ் வரை, 24 அங்குலம். அதே நிறுவனத்தின் ஸ்ட்ராட்டோகாஸ்டரில் 25.5; அதனால்தான் இது ‘ஷார்ட் ஸ்கேல்’. ‘விண்டேஜ் ஸ்டைல்’ என்பதற்குப் ‘பழம்பாணி’ போட்டுவிட்டேன் (‘பழைய’ என்றால் செகண்ட் ஹேண்ட் விலைக்குக் கேட்பார்கள்). ‘ஷார்ட் ஸ்கேல்’தான் இடிக்கிறது. ‘குறுகிய அளவுகோல்’ என்றால் பள்ளிக்கூட ஸ்கேல் ஞாபகம் வருகிறது.
– செ.

குறுமை + அளவு = குற்றளவு. முடிந்தது.
– ந.

ஐயா, புணர்ச்சி சரி. குற்றத்தின் அளவு என்றல்லவா படிப்பார்கள்? வீணைக்காரர்களிடம் மேரு (நட்), குதிரை (பிரிட்ஜ்), மெட்டு (ஃப்ரெட்) எல்லாம் இருக்கின்றன. மேருவுக்கும் குதிரைக்கும் நடுவில் உள்ளதுதானே இது? ‘குறுந்தந்தி’ போதும்.
– வ.

வ. அம்மா, கிட்டார் சொல்லித்தருபவன் சொல்கிறேன்: குறுந்தந்தி என்றால் பையன்கள் நீளம் குறைந்த கம்பி வாங்கி வந்து நிற்பார்கள். குதிரைக்குப் பின்னாலும் பிருடை (சுருதி முறுக்கும் ஆணி) வரையும் கம்பி ஓடுகிறதே! அதிரும் பகுதி மட்டும்தான் கணக்கு, ஆகவே ‘அதிர்நீளம்’. அதே கம்பி, அதே சுருதி, 25.5க்குப் பதில் 24 என்றால் இழுவிசை சுமார் 11 விழுக்காடு குறையும். மெட்டுகளும் நெருங்கும். சின்னக் கைக்கு அதுதான் சுகம்.
– இ.

சிறுபாணர் கையில் இருந்தது சீறியாழ். சிறுமை ‘சீறு’ என நீண்டு, சீறு + யாழ். யகரம் வர, குற்றியலுகரம் இகரமாகத் திரிந்தது. கிட்டாரில் யகரம் இல்லாததால் ‘சீறுகிட்டார்’ என்றே நிற்கும். சீறூர், சீறடியிலும் இதே ‘சீறு’தான்.
– ந.

ஐயா, மஸ்டாங்கிலும் ஆறு கம்பிதான், உடலும் பொடியல்ல. ஆம்ப்பில் மாட்டினால் எந்த மின்கிட்டாரும் சீறும்!
– இ.

கடைக்கு வருபவன் ‘ஷார்ட் ஸ்கேல் இருக்கா’ என்றுதான் கேட்பான். அப்படியே போடுங்கள். கலைச்சொல் வாங்குபவனை விரட்டக் கூடாது.
– மு.

மு. சொல்வதுபோல் விட்டால் நாளைக்கு வினைச்சொல் மட்டும்தான் தமிழாக மிஞ்சும்.
– வ.

நேரமாகிவிட்டது. தலைப்பில் ‘ஷார்ட் ஸ்கேல் மின்கிட்டார், பழம்பாணி’, விவரத்தில் ‘அதிர்நீளம் 24 அங்குலம்’ என்று அனுப்பிவிட்டேன். எல்லோருக்கும் நன்றி.
– செ.

அனுப்பியது அனுப்பியதுதான். ஆனால் ‘அதிர்நீளம்’ வினைத்தொகை என்றால் எந்தக் காலத்திலும் அதிர வேண்டும். கடையில் தொங்கும்போது அதிருமா? சீறுகிட்டாரை நான் விடுவதாக இல்லை.
– ந.