புதுப்பிப்பு: சர்ஃபேஸ் புரோ 9-ஆ, எக்ஸ்1 யோகாவா?

அலுவலகப் பணிக்கும் வீட்டுப் பயன்பாட்டுக்கும், மடிக்கணினியாகவும் டேப்லெட்டாகவும் பயன்படும் மைக்ரோசாஃப்ட் சர்ஃபேஸ் புரோ 9, லெனோவோ திங்க்பேட் எக்ஸ்1 யோகா ஏழாம் தலைமுறை ஆகிய இரண்டு கணினிகளில் எதை வாங்கலாம் என்று முன்பு கேட்டிருந்தேன், யோகாவையே வாங்கிவிட்டேன். விசைப்பலகையைக் கழற்றிவிட்டால் சர்ஃபேஸின் எடை 900 கிராமுக்கும் குறைவு என்பதும், அகலமும் உயரமும் 3:2 விகிதத்தில் உள்ள அதன் திரையில் ஆவணங்களைப் படிப்பது சுகம் என்பதும் உண்மைதான். ஆனால் பின்பக்கத் தாங்கியை விரித்து வைத்தால் அது மடியில் நிலையாக நிற்பதில்லை என்பதால், பாதி வேலையை ரயிலிலேயே முடிக்கும் எனக்கு ஒத்துவராது. யோகாவின் கீல் 360 பாகை திரும்புகிறது. திரையில் எழுதும் பேனா கணினியின் உடலுக்குள்ளேயே செருகப்பட்டு மின்னேற்றம் பெறுகிறது. ஆனால் யோகாவை மடித்துக் கையில் பிடித்தால் ஏறக்குறைய 1.4 கிலோ எடை வலிக்கத்தான் செய்கிறது. படுத்துக்கொண்டு படிப்பவர்கள் தயங்காமல் சர்ஃபேஸையே வாங்கலாம். இரண்டிலும் ரேமை (தற்காலிக நினைவகத்தை) பின்னர் கூட்ட இயலாது என்று சிலர் எச்சரித்திருந்ததால், 16 ஜிபி உள்ளதாகவே எடுத்தேன்.